அடித்து முடித்ததும் வரவும்

சென்னைக்கு மேற்கே, டிரங்க் ரோட்டின் மேல், ஒரு போலீஸ் ஸ்டேஷனும் ஒரு மனித உரிமை மன்றமும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருந்தன. எந்த ஊர் என்பது வேண்டாம். பூந்தமல்லிக்காரர்களைக் கேட்டால் மாங்காடு என்பார்கள், மாங்காட்டுக்காரர்களைக் கேட்டால் ஆவடி என்பார்கள், ஆவடிக்காரர்கள் நமக்கெதற்கு வம்பு என்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டும் ஒரு காலத்தில் ஒரே தவிட்டு குடோன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியைப் போலீஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் குடோன்காரர். மறு பாதி வெகுகாலம் காலியாகவே கிடந்தது. சுவரின் அந்தப் பக்கம் லாக்கப் இருந்ததால் குடிவந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார்கள், குழந்தைகள் தூங்கவில்லையாம். எமர்ஜென்சி முடிந்து, ஆட்சி மாறி, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து மாலை போட்டுக்கொண்ட சமயத்தில், மனிதனுக்கு உரிமை என்று ஒன்று இருப்பது சர்க்காருக்கு ஞாபகம் வந்தது. அதைக் கவனிக்க மன்றம் வேண்டும், மன்றத்துக்கு இடம் வேண்டும், இடம் மலிவாக வேண்டும். அந்தக் காலிப் பாதியைவிட மலிவான இடம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. சாமியானா, நாதஸ்வரம், சந்தனம், கல்கண்டு. நாற்காலிகள் போதவில்லை என்று பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வாங்கிப் போட்டார்கள். அந்த நன்றிக்கு இன்ஸ்பெக்டரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மன்றத் தலைவர் பார்த்தசாரதி, ரிட்டயர்டு மாஜிஸ்ட்ரேட், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்.

"மனித உரிமை என்பது மிகவும் மென்மையான சரக்கு. அதை நேரமறிந்து கையாளவேண்டும். ஆகவே மனுக்கள் நியாயமான காலத்துக்குள் வரவேண்டும் என்று விதி செய்திருக்கிறோம். எத்தனை நாள் என்று சிலர் கேட்கிறார்கள். நாள் கணக்கைச் சொல்லிவிட்டால் மனுக்காரன் அதைப் பிடித்துக்கொள்வான். அப்புறம் நாங்கள் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நியாயமான காலம் எது என்பதை, அது கடந்த பிறகு மன்றம் தெரிவிக்கும்."

கூட்டம் கைதட்டியது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றே கைதட்டினார்.

கன்னியம்மா அந்த விழாவுக்கு வரவில்லை. அவள் ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒருத்தியாகத் தூக்கக்கூடியவள். அவள் புருஷன் வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவன். இருவருக்கும் சண்டை உண்டு, சமாதானம் உண்டு, பிள்ளை மட்டும் இல்லை. மாசத்தில் ஒருநாள் சினிமா, பூந்தமல்லியில் பிரியாணி, திரும்பும்போது அவளுக்கு முழம் பூ. ஆஹா ஓஹோ என்று இல்லாவிட்டாலும் அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மன்றம் திறந்து பல மாசம் கழித்து ஒரு பெரிய மனிதர் வீட்டில் டிரான்சிஸ்டர் ரேடியோ திருட்டுப் போயிற்று. திருடனுக்கு முன்கையில் தீக்காயத் தழும்பு இருந்ததாக வாட்ச்மேன் சொன்னான். இன்ஸ்பெக்டர் மூளையைக் கசக்கி, அம்பத்தூரிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸுக்காக ஜீப்பை நிறுத்திவைத்தார். அந்த பஸ்ஸில் தீக்காயத் தழும்பு இல்லாத கை என்றால் கண்டக்டருடையது ஒன்றுதான். வேம்புலி அன்றைக்கு உள்ளே இடம் கிடைக்காமல் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தான். அதனால் முதலில் இறங்கினான். அதனால் அவனைப் பிடித்தார்கள். புலன் விசாரணை அத்தோடு முடிந்தது.

கன்னியம்மா ஸ்டேஷன் வாசலுக்கு ஓடிவந்தபோது உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. அவன் கத்தியதை அவள் அதுவரை கேட்டதில்லை. காலில் உருக்கு சிந்திய அன்றைக்குக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தவன் அவன். உள்ளே போகப் பார்த்தவளைக் கான்ஸ்டபிள் கழுத்தைப் பிடித்து ரோட்டில் தள்ளினான்.

எதிரே பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடும் ஷஃபியுல்லா பாய்தான் அவளைத் தூக்கி நிறுத்தினார். ஊரில் கல்யாணமோ கருமாதியோ, வெளிச்சம் அவருடையது.

"ஏம்மா, இங்க நின்னு கத்துனா மட்டும் உட்ருவானுங்களா? பக்கத்துலயே மன்றம் தொறந்து வச்சிகிறாங்க இல்ல? போலீஸ் அடிச்சா கேக்கறதுக்குத்தான் அது. தொறப்பு விழாவுக்கு நான்தான் வெளக்கு குடுத்தேன். போ, போயி சொல்லு."

"மெய்யாலுமா பாய்? இவ்ளோ கிட்டத்துலயா?"

"நாலு எட்டு கூட இல்லம்மா. போ."

கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்றத்துக்குள் போனாள். பதிவாளர் சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எதையும் விதிப்படி செய்கிறவர். தும்மல் வந்தால்கூட வேலை நேரமா என்று யோசித்துத் தும்முகிறவர்.

"ஐயா, எம் புருசனப் புடிச்சிகினு போயி பக்கத்துல வச்சி அடிக்கிறாங்கய்யா. அவரு ஒண்ணும் பண்ணலய்யா. நீ வந்து நிறுத்துய்யா!"

"முதலில் ஒன்று சொல். அடித்து முடித்துவிட்டார்களா?"

"இல்லய்யா. தோ, இப்பவும் அடிச்சிகினு கீறாங்க. கேளு!"

கேட்கச் சொல்லவே தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சொத்தென்று ஒரு சத்தம், அதன் பின்னால் "அம்மா!" என்று ஓர் அலறல். மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் ஆடியது. பதிவாளர் சட்டென்று ப்யூனைக் கூப்பிட்டார்.

"ஜன்னலைச் சாத்து. ஃபேனை முழு வேகத்தில் வை." பிறகு கன்னியம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். "தப்பாக எண்ணாதே அம்மா. காதால் கேட்டால் நாங்கள் சாட்சி ஆகிவிடுவோம். சாட்சியானவர்கள் விசாரிக்கக் கூடாது. உன் நன்மைக்காகத்தான் நாங்கள் கேட்காமல் இருக்கிறோம்."

"அப்ப நிறுத்த மாட்டியா?"

"சம்பவம் முடிந்த பிறகுதான் மனு வாங்க முடியும். நடந்துகொண்டிருக்கும் சம்பவத்துக்குக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை. பாதியில் வாங்கிவிட்டால், மீதி அடிக்கு நீ இன்னொரு மனு போடவேண்டியிருக்கும். உனக்குத்தானே அலைச்சல்? அடித்து முடித்ததும் வரவும்."

போகிறபோக்கில் இன்னொரு விதியும் சொன்னார். மன்றத்துக்கு வருமுன் உள்ளூரில் கிடைக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்திருக்கவேண்டும். அதாவது, அடிக்கிறவர்களிடமே புகார் கொடுத்து, அவர்கள் மறுத்திருக்கவேண்டும்.

கன்னியம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் படித்தவர்கள் சொல்கிறார்களே, ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போனாள். வாசலில் ஒரே அடமாக உட்கார்ந்து, சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தபோது காலைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சட்டையெல்லாம் வியர்த்திருந்தது. உழைத்துக் களைத்த மனிதர்.

"சார், எப்ப சார் அடிச்சி முடிப்பீங்க?"

"அடியா? எங்க ஸ்டேஷன்லயா? இங்க யாரும் யாரையும் அடிக்கிறதில்லையே!" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் லத்தியைச் சாக்குத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "உன் புருசன் உண்மையைச் சொல்ல ஒத்தாசை பண்ணிகினு இருக்கோம். ரேடியோ எங்கன்னு சொல்லிட்டா இப்பவே முடிஞ்சிடும்."

"எடுக்காதவரு எப்டி சார் சொல்லுவாரு?"

"அதைத்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்துகினு கீறோம். மண்டையில ஏற மாட்டேங்குது."

"அப்போ, அடிக்கிறத முடிச்சிட்டோம்னு ஒரு வார்த்த மன்றத்துல வந்து சொல்லு சார். நீ சொன்னாத்தான் அவங்க மனு வாங்குவாங்க."

"அடியே நடக்கலங்கிறேன், முடிச்சிட்டேன்னு எப்படிடீ சொல்றது? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?" நேர்மையான அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. லத்தியை வாங்கி அவள் தோளில் ஓங்கி ஒன்று போட்டார்.

மறுநாள் கன்னியம்மா அந்தத் தோளைப் பதிவாளரிடம் காட்டினாள். புகார் கொடுத்ததற்கும் மறுத்ததற்கும் அதைவிட நல்ல அத்தாட்சி அவளுக்குத் தெரியவில்லை. சண்முகசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"இது உன் சம்பவம். அது அவன் சம்பவம். இரண்டையும் சேர்க்க விதி இல்லை. அதோடு, இது இன்னும் சிவந்து கிடக்கிறதே! கொஞ்சம் கறுக்கட்டும்."

இருந்தாலும் அவர் மோசமான மனிதர் இல்லை. அன்றைக்குத் தலைவர் அமர்வு இருப்பதால் நேரிலேயே முறையிட்டுப் பார் என்று பின்வரிசையில் உட்காரச் சொன்னார். துணைக்கு ஷஃபியுல்லா பாயும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் முனகல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கன்னியம்மாவின் உயிர் அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. முனகல் நின்றால் பயந்தாள், கேட்டால் அழுதாள்.

முதல் வழக்கு செங்கல்வராயனுடையது. அவர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். எமர்ஜென்சி சமயத்தில் எங்கோ ஒரு ஸ்டேஷனில் அவர் விரல்களைப் பெஞ்சில் வைத்து பூட்ஸ் காலால் மிதித்துவிட்டார்கள். மன்றம் திறந்ததும் கட்டோடு வந்தார். கட்டுப் போட்டவன் கோபத்தில் இருப்பான், கோபக்காரன் பேச்சில் நிதானம் இருக்காது, ஆறிய பிறகு வா என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆறிவிட்டது. விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு ஆறியிருந்தன.

"வலிக்கிறதா?" என்று கேட்டார் பார்த்தசாரதி.

"இப்ப வலிக்கலங்க. ஆனா மடங்க மாட்டேங்குது."

"வலி இல்லை என்றால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளுபடி."

"ஐயா, மின்ன வந்தப்ப சீக்கிரம்னீங்க. இப்ப லேட்டுங்கிறீங்க. அப்ப எப்பதாங்க வந்திருக்கணும்?"

"நடுவில்."

"நடுவுல எப்பங்க?"

பார்த்தசாரதி பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் யோசித்துவிட்டு, அநேகமாகப் பொங்கல் விடுமுறையின்போது அந்தக் காலம் வந்து போயிருக்கவேண்டும், அப்போது மன்றம் பூட்டியிருந்தது என்றார். தலைவர் தலையை ஆட்டினார். செங்கல்வராயன் கும்பிடப் பார்த்தார், கைகள் சேரவில்லை. பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து கன்னியம்மா. அவள் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த மரியாதையையெல்லாம் கூட்டிப் பேசினாள். பஸ்ஸையும் தழும்பையும் ரேடியோவையும் சொன்னாள். ராத்திரி முழுக்க அவர் கத்துகிறார், தண்ணீர் கேட்கிறார், யாரும் கொடுக்கவில்லை என்றாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, மைக் இல்லாவிட்டாலும் மைக் முன்னால் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, உன் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ யார்? அடிபட்டவளா? இல்லை. உரிமை என்பது அவரவர் உடம்போடு ஒட்டியது. மனைவிக்கு வலிப்பதை மன்றம் மதிக்கிறது, கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அடிபட்டவன் எங்கே? அவனல்லவா என் முன்னால் வந்து, 'ஐயா, நான்தான், இங்கே இருக்கிறேன்' என்று சொல்லவேண்டும்? மூன்றாம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மன்றம் சும்மா இருக்குமா? அவனுக்கே அக்கறை இல்லையென்றால் நமக்கென்ன?"

அவர் பேசி முடிக்கவில்லை, சுவர் அதிர்ந்தது. டொம், டொம் என்று அந்தப் பக்கத்திலிருந்து இடி. நிற்கவில்லை. மேலேயிருந்து காரை பெயர்ந்து தலைவரின் சட்டைமேல் கொட்டியது. ஏதோ குரலும் கேட்டது. ஆனால் முழு வேகத்தில் சுற்றிய ஃபேனின் இரைச்சலில் என்ன என்று பிடிபடவில்லை.

"ஐயோ, தலையக் கொண்டு மோதுறாங்கய்யா! ஐயா, ஒரு ஆள அனுப்புய்யா! கால்ல உழறேன்!" என்று கன்னியம்மா அலறினாள்.

பார்த்தசாரதி சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இது மன்றத்தை அவமதிக்கும் செயல்," என்றார். கன்னியம்மாவுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. "இப்படிச் சத்தம் போட்டால் நாங்கள் எப்படி மனித உரிமையைக் கவனிப்பது? பதிவாளரே, பக்கத்தில் சொல்லியனுப்பும், கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லும். மேஜையை எதிர்ச்சுவர் ஓரம் போடுங்கள்."

மேஜையைத் தூக்கினார்கள். நாற்காலிகளைத் தூக்கினார்கள். ப்யூன் பக்கத்துக்குப் போய்த் தலைவர் சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தான். அக்கம்பக்கத்துக்கு ஒத்தாசையாக இருப்பதில் இன்ஸ்பெக்டரை மிஞ்ச ஆள் கிடையாது. சுவரில் இடி நின்றது. வேறு விதமான சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. அப்புறம் முனகல்கூட இல்லை.

சண்முகசுந்தரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது.

"அம்மா, சம்பவம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. இப்போது நீ மனு கொடுக்கலாம்."

கன்னியம்மா ஓடினாள். ஸ்டேஷன் பின்கட்டில் வேம்புலியைச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். வழுக்கி விழுந்து சுவரில் தலை மோதிச் செத்தான் என்றார் இன்ஸ்பெக்டர். மழை பெய்து மாசக்கணக்கான தரை அது. அவள் சாக்கை விலக்கினாள். முகம் வீங்கி யாரோ மாதிரி இருந்தது. கைகளைப் பார்த்துத்தான் அவன் என்று அவளுக்குத் தெரிந்தது. முன்கையில் தீக்காயத் தழும்பு. விரல் முட்டிகள் இரண்டு கையிலும் தோலுரிந்து எலும்பு தெரிந்தது. இது எப்படி ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "யோவ், எந்திரியா, ஊட்டுக்குப் போலாம் வாயா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாய் அவளைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அவர்தான் பிறகு சொன்னார்: "ஒடனே போவணும்மா. லேட்டாச்சின்னு சொல்லிடப்போறானுங்க."

புடவையில் ரத்தத்தோடு அவள் போனபோது அமர்வு இன்னும் கலையவில்லை. தலைவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, "சம்பவம் எப்போது தொடங்கியது?" என்று கேட்டார்.

"பஸ்ஸ உட்டு எறங்குன அன்னிக்கே," என்றார் பாய்.

"அப்படியானால் காலம் முதல் அடியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது வந்தால்?"

"முடிஞ்சப்பறம் வரச் சொன்னது நீங்கதானே ஐயா?" என்று பாயே திருப்பிக் கேட்டார்.

"வரவேண்டியது முடிந்த பிறகு. எண்ணவேண்டியது தொடங்கியதிலிருந்து. இரண்டும் தனித்தனி விதிகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது உங்கள் தவறு." தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேலும், உரிமை அவருடையது என்று அப்போதே சொன்னேன். உயிரோடு இருந்தவரையில் ஒருநாளாவது அவர் இங்கே எட்டிப் பார்த்தாரா? தன் உரிமையைப் பற்றித் தானே இவ்வளவு அலட்சியமாக இருந்த ஒருவருக்கு மன்றம் என்ன செய்யமுடியும்? நாங்கள் என்ன அவரைத் திருச்சியிலிருந்தா வரச் சொன்னோம்? நடுவில் ஒரு சுவர்தானே? ஒரே ஒரு சுவர்! தள்ளு—"

அந்தச் சொல் முடியவில்லை. கன்னியம்மா மேஜையைத் தாண்டிப் போனாள். மூட்டை தூக்கிய கைகள். தலைவரைக் கழுத்துப்பட்டையோடு தூக்கியது அவளுக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. ஹாலின் குறுக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய், காரை பெயர்ந்த அந்தச் சுவரில் அவர் தலையை மோதினாள்.

"ஒரு செவுருதானாடா? ஒரே ஒரு செவுருதானா? வா! நீ போ அந்தப் பக்கம்! போயி பாரு!"

மோதினாள். மறுபடி மோதினாள். மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை சிவந்தது. பின்வரிசையில் செங்கல்வராயன் எழுந்து நின்று, மடங்காத விரல்களால் பட்பட்டென்று கைதட்டினார்.

"எழுதும்! புகார் எழுதும்!" என்று பார்த்தசாரதி அலறினார்.

சண்முகசுந்தரம் பேனாவைத் திறந்துகொண்டு தவித்தார். மனிதர் விதியை மீறி அறியாதவர்.

"ஐயா, சம்பவம் முடிந்துவிட்டதா? நடந்துகொண்டிருக்கும்போது எழுத விதி இல்லையே ஐயா?"

"ஐயோ, எழுதய்யா! அடப்பாவி, எழுதய்யா!"

இன்ஸ்பெக்டர் படையோடு வந்து சேர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு சுவர்தானே. அவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தலைவரின் புகார், அவர் மூக்கில் ரத்தம் நிற்பதற்கு முன்னாலேயே பதிவாகி, முத்திரையும் குத்தியாகிவிட்டது.

லாக்கப்பில் அவளை அடித்தார்கள். எங்கே அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது, அடித்தவர்களுக்கு இறங்கியது. விடிந்தபோது அவள் மூலையில் கிடந்தாள். எதிரே சுவர். சுவரில், ஒரு ஆள் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், காய்ந்த ரத்தம் அருகருகே இரண்டிரண்டு திட்டாக அப்பியிருந்தது. தலை மோதிய இடம் மாதிரி இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பத்து மணி ஆனதும் சுவருக்கு அப்பால் நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு ஒரு குரல். முதலில் அவள் பிரமை என்று நினைத்தாள். அது பார்த்தசாரதியின் குரல். மூக்கில் கட்டு இருந்ததால் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஃபேன் இரைச்சல் எல்லாம் அந்தப் பக்கத்தோடு சரி. ஒற்றைச் செங்கல் சுவர் இந்தப் பக்கம் எதையும் மறைக்கவில்லை.

"நேற்று இந்த மன்றத்தின் மீது நடந்த தாக்குதலில், சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போதே மனு ஏற்கப்பட்டது. வேகம்தான் நீதியின் உயிர் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. மன்றம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, நியாயமான காலத்துக்குள் வந்த மனு என்னுடையது ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் மனித உரிமை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

கன்னியம்மா தலையைத் தூக்கினாள். எல்லாம் கேட்கிறதே. அப்படியானால் அவள் புருஷனுக்கும் கேட்டிருக்குமே. முடிந்ததும் வா என்று சொன்னது கேட்டிருக்கும். கொஞ்சம் கறுக்கட்டும் என்றது கேட்டிருக்கும். அவள் கெஞ்சியது, அழுதது, காலில் விழுகிறேன் என்றது, எல்லாமே.

கம்பிக்கு வெளியே கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் தவழ்ந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாத்தே, நேத்து எம் புருசன் தலையையா செவுத்துல மோதுனீங்க?"

"தலையா? எவன் மோதுனான்? பாதி செத்தவன் மாரி கெடந்தான். திடீர்னு எந்திரிச்சி குந்தி, ரெண்டு கையாலயும் செவுத்த இடிச்சிகினு, 'ஐயா, நான்தான்யா, இங்க கீறேன்யா, இங்க கீறேன்யா'ன்னு ஒரே கத்தல். அப்பால பக்கத்துலேருந்து ப்யூன் வந்து சத்தம் போடாதீங்கன்னு சொன்னான். அதுக்குத்தான் இன்ஸ்பெக்டருக்குக் கோவம் வந்து..." கான்ஸ்டபிள் மீதி டீயைக் குடித்தான்.

கன்னியம்மா அழவில்லை என்று சொன்னால் பொய். அடித்தபோது அழாதவள் அப்போது மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். நேரில் வரச் சொன்னார்கள். வந்தான். தன்னால் முடிந்த தூரம் வந்தான். சுவர் வரைக்கும் வந்து, எலும்பு தெரியத் தட்டிக் கூப்பிட்டான். அவள் மன்றத்துப் பக்கம் நின்றுகொண்டு தலையை மோதுகிறார்கள் என்று அலறினாளே தவிர, அவன்தான் கூப்பிடுகிறான் என்று அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

அவள் எழுந்தாள். எழ முடியாத உடம்பை வைத்துக்கொண்டு எழுந்து, சுவருக்கு வந்து, இரண்டு கையாலும் இடித்தாள். கையில் பலம் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் காரை விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"யோவ் மன்றம்! கேட்டுக்கோ! எம் புருசன் பேரு வேம்புலி! ரேடியோ எடுக்கல! பஸ்ஸுல மொதல்ல எறங்குனாரு, அவ்ளோதான்! இங்க வச்சிக் கொன்னானுங்க! நான் அவரு பொண்டாட்டி கன்னியம்மா! என்னியும் அடிக்கிறானுங்க! நான்தான்யா, இங்கதான் கீறேன்!"

பார்த்தசாரதியின் பேச்சு நின்றது. "பதிவாளரே, ஃபேன் சுற்றுகிறதா இல்லையா?" என்று அவர் கேட்டது துல்லியமாக வந்தது.

"கரண்டு இல்லை ஐயா."

பூட்ஸ் கால்கள் லாக்கப்பை நோக்கி ஓடிவந்தன. பூட்டு திறந்தது. முதல் அடி முதுகில் விழுந்தபோதும் அவள் சுவரை விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் பேரையும் தன் பேரையும் சொல்லிக்கொண்டே இருந்தாள், குரல் இருந்த மட்டும் சொன்னாள். அன்றைக்கு மன்றத்தில் உட்கார்ந்திருந்த எவனும், எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.